கவலைக் கிணற்றங்கரையில் வசந்தம்

வசந்த காலம் என்றவுடன் தென்றலையும் குயிலையும் மாந்தளிரையும் நினைத்துக்கொள்வது ஏட்டுப் படிப்பினால் வந்த பழக்கம். வட ஆற்காட்டுச் சீமையிலே, அதிலும் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று பாலாற்றையும் அதன் உபநதிகளையும் ஒட்டிக் கிடக்கும் ஊர்களிலே, ஒரு குடியானவரிடம் போய் வசந்தம் எப்பொழுது என்று கேட்டால், ‘எந்த ஊர் வசந்தம்?’ என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். ஏனெனில் இங்கே வசந்தம் என்பது திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் பெயர். முழுப்பெயர் அக்கினி வசந்த விழா. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாட்கள் நடந்து, கடைசி நாள் காலையில் மைதானத்தில் களிமண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனனைப் பீமன் வேடதாரி தொடையில் அடித்து வீழ்த்த, பாஞ்சாலி கூந்தலை முடிக்க, சாயங்காலம் மஞ்சள் ஆடை உடுத்திய ஜனங்கள் தீக்குழியில் இறங்கி நடப்பார்கள். வசந்தத்துக்கு முன்னால் அக்கினியைச் சேர்த்துச் சொன்ன முன்னோர்கள் இந்தப் பிரதேசத்தின் சித்திரை வெயிலில் நின்று பார்த்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகையினால், வாணியம்பாடியைத் தாண்டிப் பெங்களூர்ச் சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, ‘இயற்கையின் மடியில் வசந்தம் – பண்ணை வீட்டில் தங்கலாம், காலைச் சிற்றுண்டி உண்டு’ என்று ஒரு பலகையைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசம் உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில் என்று அது போகும். இவற்றுள் கடைசிக் குறை, 1981-ஆம் வருஷம் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் மறுபடியும் லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்ததோடு தீர்ந்துவிட்டது. ராஜா இல்லாததைக் குறையாக நினைக்கிறவர்கள் இன்று யாரும் இல்லை. எஞ்சியவை ஆறும் மலையும். நீரில்லாத ஆற்றையும் மரமில்லாத மலையையும் வைத்துக்கொண்டு பட்டணத்து மனிதரைப் பணம் கொடுத்து வந்து தங்கச் சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரம் உடையவர் யார் என்று பார்த்துவிடுவதென்று தீர்மானித்து, சித்திரை பிறந்த மறுவாரம் ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டிறங்கினேன்.

ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் பொன்னேரி என்ற ஊரிலிருந்து ஏலகிரிக்கு மலைப்பாதை ஏறுகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புலவர் அல்லது ஒரு வள்ளலின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பாரியைத் தாண்டினால் காரி, காரியைத் தாண்டினால் ஓரி என்று, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்தவர்களெல்லாம் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு மறுபடியும் படிக்க நேர்கிறது. மேலே புங்கனூர் ஏரி, படகு, பூங்கா, வரிசையாக விடுதிகள். விடுமுறை நாட்களில் அங்கே ஏற்படும் நெரிசலைப் பற்றி எழுதுவது என் உத்தேசமல்ல. நான் தேடி வந்த வீடு மலைமேல் இல்லை. அடிவாரத்திலே, பாறையும் புளியமரமுமாக நிலம் மேடேறத் தொடங்கும் இடத்திலே இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் கொல்லையின் நடுவே குடியிருக்கும் வீட்டைக் ‘கொட்டாய்’ என்பார்கள். கொட்டகை என்ற சொல்லின் திரிபுதான். ஊருக்குள் தெருவில் வீடு கட்டாமல், தன் நிலத்திலேயே, தன் கிணற்றுக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு இருந்துவிடுவது திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துக் குடியானவர்களின் சுபாவம். ஒரு குடும்பம் நான்கு தலைமுறையில் பத்துக் குடும்பமானால், அந்தக் கொட்டாயே ஒரு சிற்றூராகி மூதாதையின் பெயரைத் தாங்கி நிற்கும். ‘ஃபார்ம் ஸ்டே’ என்று இன்று இங்கிலீஷில் சொல்லி விற்கும் சரக்குக்கு இவ்வளவு லட்சணமான தமிழ்ச் சொல் கையருகே கிடக்கும்போது, பலகையில் ஏன் அதை எழுதவில்லை என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் சிரித்துக்கொண்டு, “கொட்டாய்ன்னு போட்டா மாட்டுக் கொட்டாய்னு நெனச்சிக்குவாங்க சார்” என்றார்.

மூன்று ஏக்கர் மாந்தோப்பு, அரை ஏக்கர் மல்லிகை, வீட்டுச் செலவுக்குக் கேழ்வரகு, இரண்டு பசுக்கள்; தகப்பனார் காலத்து ஓட்டு வீட்டோடு ஒட்டிப் புதிதாகக் கட்டிய மூன்று அறைகள். ஒன்றிலிருந்து ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது இவ்வகைத் தங்குமிடங்களுக்கு மத்திய சுற்றுலாத் துறை வகுத்த விதி. சௌகரியங்களைப் பார்த்து வெள்ளி என்றும் தங்கம் என்றும் தரம் பிரிக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு முன்னோடிகள் வேறிடத்தில் இருக்கிறார்கள். இத்தாலியில் 1985-இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். விருந்தாளிகளை வைத்துச் சம்பாதிக்கலாம், ஆனால் விவசாயமே பிரதானமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் தேசத்தில் மகாராஷ்டிரத்துப் பாராமதிக்கு அருகில் 2005-இல் இதை ஒரு முயற்சியாகத் தொடங்கினார்கள். இத்தாலியச் சட்டத்தில் இருக்கும் அந்த ஒரு நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். மாட்டை விற்றுவிட்டு மாட்டு வண்டியை மட்டும் புல்தரையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிற ‘பண்ணை’கள் நெடுஞ்சாலை ஓரத்தில் பெருகிவருவதைப் பார்க்கிறவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

நான் திண்ணையில் மூட்டையை இறக்கியதும் வீட்டுக்காரரின் தாயார் ஒரு செம்பை நீட்டினார். “குந்துப்பா. மொதல்ல தண்ணி குடி” என்றார். குடித்தேன். “உப்பு இருக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகத்தில் தோன்றிய திருப்தியை, மகனுடைய பரீட்சை முடிவைக் கேட்ட தாயின் முகத்தில்தான் நான் அதற்குமுன் கண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

அந்தக் கேள்வியின் பின்னே இந்தத் தேசத்தின் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. தோல் பதனிடுவது இங்கே புதிய தொழில் அல்ல. ஆவாரஞ்செடி தானாக முளைத்துக் கிடக்கும் வறண்ட பூமி இது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் வாரக்கணக்கில் தோலை முக்கி வைத்துப் பக்குவம் செய்து, ரயிலேற்றிச் சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்கு அனுப்பிய வியாபாரிகள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இந்தச் சீமையின் வாலாஜா ரோடு என்பதை நினைத்தால், தோலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு பழையது என்று தெரியும். பிறகு 1970-களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைச் சர்க்கார் கட்டுப்படுத்தி, முழுச் சரக்காகவும் செருப்பாகவும் பையாகவும் செய்து அனுப்பும்படி தூண்டியபோது, குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை எங்கும் பரவிற்று. வாரக்கணக்கு வேலை நாட்கணக்காயிற்று. ஆனால் பச்சைத்தோல் அழுகாமலிருக்கப் போட்ட கறியுப்பு, அதைக் கழுவிய நீர், ரோமம் நீக்கப் போட்ட சுண்ணாம்பு, மேலே சேர்த்த குரோமியம் எல்லாமாகக் கால்வாயிலே ஓடி, ஏரியிலே தேங்கி, பாலாற்று மணலிலே இறங்கி, ஆற்றோரத்துக் கிணறுகளின் ஊற்றுக்கண்ணைப் போய்ச் சேர்ந்தன.

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்று விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. கெடுத்தவனே செலவைச் சுமக்க வேண்டும் என்ற நியாயம் இந்தியச் சட்டத்தின் ஓர் அங்கம் என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்ன வழக்கு இதுதான்; சட்டக் கல்லூரி மாணவர்கள் தேசமெங்கும் வேலூரின் பெயரைச் சொல்லிப் பரீட்சை எழுதுகிறார்கள். ஆனால் பாடம் வேறு, பாத்தியதை வேறு. நஷ்டஈட்டைப் பற்றியும், ஆற்றைச் சீர்செய்யும் வேலையை மேற்பார்க்க ஒரு குழுவைப் பற்றியும் 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இதைச் சொல்லும்போது ஒருபக்கமாகப் பேசிவிடக் கூடாது. விடியற்காலையில் இந்தக் கொட்டாய்ப் பாதை முனைக்கு ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கையில் டிபன் டப்பாவோடு, தலையில் பூவோடு, பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் மிஷினில் உட்காருகிறவர்கள் அவர்கள். மானாவாரிக் கொல்லையை நம்பியிருந்த குடும்பங்களில் மாதம் தவறாமல் ஒரு சம்பளம் வந்ததும், பெண் குழந்தை பத்தாவதுக்கு மேலும் படித்ததும் அந்தத் தோலினால்தான். என் வீட்டுக்காரர் அறைகள் கட்டப் போட்ட முதலில் பாதி, அவருடைய மனைவி ஒன்பது வருஷம் அப்படிப் பஸ் ஏறிச் சேர்த்த பணம்.

மாந்தோப்பின் கீழ்க்கோடியில் அந்தக் கிணறு இருக்கிறது. கல் கட்டிய சதுரக் கிணறு. விளிம்பில் இரண்டு கருங்கல் தூண்கள். தூண்களுக்கு நேர் எதிரே தரை ஒரு சரிவாக இறங்கிப் போகிறது. இளம் வயதினருக்கு இது என்னவென்று தெரியாது. மின்சார மோட்டாருக்கும் ஆயில் எஞ்சினுக்கும் முந்திய காலத்தில் கவலை இறைத்த கிணறு இது. ஜோடி மாடுகள் அந்தச் சரிவில் பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றில் இறங்கி நீர் மொள்ளும். முன்னோக்கி இறங்கினால் மேலே வரும். சாலின் அடியிலே யானைத் துதிக்கைபோல் தொங்கும் தோற்குழாய் நிமிர்ந்திருக்கும் வரையில் நீர் சிந்தாது, அதன் வாயைத் தளர்த்தியதும் குபுகுபுவென்று தொட்டியில் கொட்டும். நாள் முழுவதும் மனிதனும் மாடும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை என்பதனால்தான் அதற்குக் கவலை என்று பெயர் வந்ததோ என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான் அந்தக் கல் தூணில், கயிறு உராய்ந்து உராய்ந்து விரல் ஆழத்துக்குத் தேய்ந்திருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இந்தச் சீமையிலே தண்ணீரை மேலே கொண்டுவந்தது ஒரு துண்டுத் தோல். இந்த வீட்டில் கடைசியாக இருந்த அந்தத் தோற்குழாயை எலி கடித்துவிட்டது என்றும், புதிதாக ஒன்று தைத்துக் கொடுக்கத் தெரிந்தவர் யாரும் இப்பொழுது இல்லை என்றும் வீட்டுக்காரர் சொன்னார். சற்றுத் தூரத்தில் லட்சக்கணக்கான ஜோடி காலணிகளைத் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஊர் இருக்கிறது என்பது அப்பொழுது எங்கள் இருவருக்குமே நினைவுக்கு வந்தது. இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னோடு அப்போது தங்கியிருந்தவர்கள் பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளந்தம்பதியும், சென்னையிலிருந்து இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பமும். விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போகலாம் என்று விருந்தாளிகளுக்குச் சொல்லியிருந்தார்கள். பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் மல்லிகைக்குப் பருவம். சித்திரையில் செடி வெளேரென்று இருக்கும். இருள் பிரியாத வேளையில் தலையில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு, கூலிக்கு வந்த நான்கு பெண்கள் இரண்டு கைகளாலும் கோழி இரை பொறுக்குவதைப்போல மொட்டுகளைப் பொறுக்கி மடியில் சேர்க்க, பெங்களூர்ப் பெண்மணி மலர்ந்த பூவாகப் பார்த்துப் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தார். கிழவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மலர்ந்தது வேணாம் கண்ணு, அதுக்குக் காசு கெடையாது. மொக்கப் பறி” என்றார். மலர்ந்த பூ மார்க்கெட் போய்ச் சேருமுன் வாடிவிடும்; மாலையில் ஒருத்தி கூந்தலில் மலரப்போகும் மொட்டுக்கே விலை. அந்தப் பெண்மணி கூச்சத்தோடு சிரித்துவிட்டு மொட்டுக்கு மாறினார்; அரைமணி நேரத்தில் அவர் பறித்தது ஒரு பிடி. பறிப்பதற்காகப் பணம் கொடுத்தவர் அவர். பறிப்பதற்காகப் பணம் வாங்குகிறவர்கள் மற்ற நால்வர். ஒரே பாத்தியில் இருதரப்பாரும் குனிந்து நின்றதை விபரீதம் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படித் தோன்றவில்லை எனக்கு. அந்த நால்வரில் ஒருத்தி அவருக்கு, கிள்ளாமல் திருகி எடுக்கும் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் குரலில் ஒரு வாத்தியாரம்மாளின் அதிகாரம் இருந்தது.

காலை ஆகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இட்லியோடு, வேலூருக்குப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் செய்த கொத்சு. காம்பிலும் இலையிலும் முள் நிறைந்த இந்தக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஆம்பூரின் சீரகச் சம்பா பிரியாணிக்குப் பக்கத்தில் புளிப்பும் எண்ணெயுமாக உட்கார்ந்திருக்கும் கத்தரிக்காயை உலகம் அறியும், ஆனால் தனியாக அதைச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் வெண்ணெய்ப் பதம் புலப்படும். கேழ்வரகுக் கூழும் வைத்தார்கள். கூழை விருந்தாளிக்கு வைப்பதற்கு வீட்டுக்கார அம்மாளுக்கு முதலில் மனம் வரவில்லையாம். வருகிறவர்கள் எல்லோரும் அதையே கேட்டதனால் சம்மதித்தாராம். சென்னைக் குழந்தைகள் மண்சட்டியைப் படம் எடுத்துக்கொண்டு பாதியோடு வைத்துவிட்டார்கள். கிழவி ஒன்றும் பேசாமல் மிச்சத்தை எடுத்துப்போய்ப் பசுவின் தொட்டியில் ஊற்றினார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் என் பங்கை மீதம் வைக்க முடியவில்லை.

பகலில் வெயில் கொளுத்தியது. புங்கமரங்கள் மட்டும் பளபளவென்று புதுத்தளிர் விட்டு நிழல் கொடுத்தன. வேப்பம்பூ திண்ணையெல்லாம் பொடியாக உதிர்ந்து கிடந்தது. வேலியோரத்துச் சரக்கொன்றை அப்பொழுதுதான் மஞ்சள் காட்டத் தொடங்கியிருந்தது. இரவில் குழந்தைகளுக்கு நட்சத்திரம் காட்டினார் வீட்டுக்காரர். கிழக்கே தெரிந்த ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது; 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று கண்டறிந்ததில் அந்த நிலையத்துக்கும் பங்கு உண்டு; 1986-இல் திறந்த அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர். இருட்டைத் தேடி விஞ்ஞானிகள் வந்து குடியேறிய மலை அது. இன்னொரு திசையில், ஆம்பூர்ப் பக்கத்து அடிவானம் மங்கலாகச் சிவந்திருந்தது.

இரண்டாம் நாள் இரவு மழை வந்தது. சாயங்காலமே புழுக்கம் தாங்கவில்லை. எட்டு மணிக்கு மலையின்மேல் மின்னத் தொடங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று இறங்க, பின்னாலேயே கொட்டோ கொட்டென்று கொட்டிற்று. விருந்தாளிகளுக்கு ஆனந்தம் சொல்லி முடியாது. குழந்தைகள் முற்றத்தில் குதித்தார்கள். பெங்களூர்த் தம்பதி மண்வாசனையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். நானும், உள்ளதைச் சொல்வதானால், கையை நீட்டி மழையில் நனைத்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்காரர் மட்டும் திண்ணைத் தூணில் சாய்ந்து தோப்புப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். சற்று நேரம் கழித்துத்தான் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. மழைச் சத்தத்தின் நடுவே, இருட்டில், தொப் தொப்பென்று மாங்காய்கள் விழுந்துகொண்டிருந்தன. இன்னும் மூன்று வாரம் மரத்தில் நின்றிருந்தால் விலைக்குப் போக வேண்டிய பங்கனபள்ளி. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“மழ வேணுந்தான் சார். கெணத்துக்கு வேணுமில்ல” என்று யாரும் கேளாமலே சொன்னார். சிறிது நிறுத்தி, “காத்து இல்லாம வந்திருக்கலாம்” என்றார்.

காலையில் சென்னைக் குழந்தைகள் இருவரும் கூடை கூடையாக உதிர்ந்த காய்களைப் பொறுக்கினார்கள். அதைப்போல ஒரு விளையாட்டு அவர்களுக்கு ஜன்மத்தில் வாய்த்ததில்லை. காயம்படாதது ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல்; ஊறுகாய்க்கு வாங்குகிறவன் வந்து, அவன் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போனான். நல்ல காயாக நான்கைந்து எடுத்து ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார் கிழவி. அறைக்கும் ஆகாரத்துக்கும் உள்ள கணக்கை முடித்துக்கொண்டு நான் புறப்பட்டபோது, வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆம்பூருக்கு அப்பால் பாலாற்றங்கரையில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்ட வீட்டுக்காரரின் தங்கையும் அவள் புருஷனும். இராத்திரி மழையில் இங்கே எவ்வளவு சேதம் என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள் அவள். காபி குடித்தார்கள், தோப்பைச் சுற்றிப் பார்த்தார்கள், அண்ணனுக்கு ஆறுதல் சொன்னார்கள். பிறகு அவள் புருஷன் ஸ்கூட்டரின் முன்புறம் கட்டியிருந்த இரண்டு வெறும் கேன்களை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, யாரையும் கேளாமல், பழகிய காலோடு கிணற்றுப் பக்கம் நடந்தான்.